வில்லடியில் விளைந்த நகை: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்

நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நிறைவு பெறாது. சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ இரவு முழுதும் நடக்கும். மணிகள் கோத்த வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடத்தின் ஓசையும் உடுக்கையின் ஒலியும் சேர, தலைமைப் புலவர் கதையை ஓரடி முன்னெடுப்பார். அருகில் அமர்ந்திருப்பவர் அதற்கு ஆமாம் போடுவார். வெறும் ஆமாம் அன்று அது. இடையிடையே அவர் ஐயம் கேட்பார், கேலி செய்வார், கூடியிருக்கும் மக்கள் மனத்தில் எழும் கேள்வியை அவர்கள் மொழியிலேயே எடுத்துப் போடுவார். சொல்லப்படுவது தெய்வத்தின் கதையே ஆனாலும் கேள்வி கேட்கும் உரிமை அந்தப் பக்கப்பாட்டுக்காரருக்கு உண்டு. தமிழ் நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நகைச்சுவைக்கு வேறொரு பொருள் தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கலையை விளங்கிக்கொள்ள, அவர் பிறந்த மண்ணின் இந்த வழக்கத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டில் இரவெல்லாம் பாடப்படும் இரு தெய்வங்களின் பெயர்களே பெற்றோரின் பெயர்களாக அமைந்திருந்தன. அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. தமிழ் பேசும் மக்கள் மலையாள நாட்டு ஆட்சியில் வாழ்ந்த எல்லைப்புறம் அது. வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. அதன்பின் சிறுவன் கிருஷ்ணன் டென்னிஸ் திடலில் எடுபிடி வேலை பார்த்தான். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். கொட்டகைக்குள் விற்கப் போனவன் திரும்பி வந்ததெல்லாம் பாட்டும் வசனமும் தலைநிறையச் சுமந்துகொண்டுதான். நாடகத்தைக் காசு கொடுத்துப் பார்க்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த விற்பனைக் கூடையே நுழைவுச் சீட்டாயிற்று.

1920களின் நடுவில், நாகர்கோவிலில் முகாமிட்டிருந்த டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் தந்தையார் அவரைச் சேர்த்துவிட்டார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நான்கு சகோதரர்களும் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்றவர்கள். அக்காலத்துப் பாலர் நாடகக் குழு ஒரு குருகுலம் போன்றது. ஒரே வீட்டில் உணவு, உறக்கம், பாடம், ஒத்திகை. ஊர் ஊராகப் பயணம். வாத்தியாரின் பிரம்புக்கும் அங்கே குறைவிருக்காது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் கிருஷ்ணனின் குறும்பு அடங்கவில்லை. எந்த வேடக்காரர் படுத்துவிட்டாலும் அந்த வேடத்தை ஏற்று நடிக்கும் அளவுக்கு எல்லாப் பாடங்களும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. ஆயினும் அவருக்கென்று அமைந்தது நகைச்சுவை வேடமே.

அந்நாளைய மேடையில் நகைச்சுவைக்கு இருந்த இடத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாடகம் தொடங்குமுன் பபூன் வருவார். கோமாளி உடை, முகத்தில் வெள்ளைப் பூச்சு, குதியாட்டம். கதைக்கும் அவருக்கும் பெரும்பாலும் தொடர்பிராது. அவையினரைச் சிரிக்க வைக்க எதையும் சொல்லலாம். கொச்சையும் ஆபாசமும் அவருக்கு அனுமதிக்கப்பட்ட சரக்குகள். குழந்தைகளோடு வந்த குடும்பத்தார் தலைகுனிந்து காத்திருந்து, அவர் உள்ளே போனதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். கிருஷ்ணன் இந்த வழியில் நடக்கவில்லை. அவர் வேடம் கதைக்குள் இருந்தது. அவருடைய கேலி தெருவில் நடப்பவற்றைப் பற்றியது. சிரித்து முடித்தபின் யோசிக்க ஏதோ ஒன்று மிஞ்சியது.

எம். கந்தசாமி முதலியாரின் முயற்சியால் டி.கே.எஸ். குழுவினர் சமூக நாடகங்களில் இறங்கியது இந்த மாற்றத்துக்குத் துணைபுரிந்தது. புராண நாடகத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் விதூஷகன் நிற்கலாம்; அவ்வளவுதான். சமூக நாடகத்தில் சமையற்காரனும் வேலைக்காரனும் தரகனும் கதையின் உறுப்பாகிறார்கள். 1931இல் அக்குழுவினர் வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் நாடகத்தைத் தேசபக்தி என்ற பெயரில் மேடையேற்றினார்கள். விடுதலை உணர்வு ததும்பிய அந்நாடகத்தில் கிருஷ்ணன் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாகப் பாடினார். சுடலைமாடனுக்கும் முத்துப்பட்டனுக்கும் உரியதாக இருந்த வில்லில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் கதை ஏறியது. ஒழுகினசேரிக் கோயில் முற்றத்தில் கேட்ட இசையை நாடகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர், பிற்காலத்தில் அதே இசையைச் சென்னை மாநகரின் சபைகளுக்கும் கொண்டு சென்றார். வில்லிசை வேந்தர் எனப் பெயர்பெற்ற சுப்பு ஆறுமுகத்தைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தவரும் அவரே.

பேசும்படம் தமிழகத்துக்கு வந்து நான்கைந்து ஆண்டுகளில் நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பெயர்ந்தன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய மேனகா 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களின் நடிப்பில் படமானபோது கிருஷ்ணனும் திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி வெளிவந்தது. குடியின் கேட்டைக் காட்டிய அப்படம் எம்.ஜி. ராமச்சந்திரனுக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் முதற்படம். அந்தப் படப்பிடிப்பில் கிருஷ்ணனோடு பழகத் தொடங்கிய ராமச்சந்திரன் இறுதிவரை அவரை மூத்தவராகவும் வழிகாட்டியாகவும் மதித்தார்.

1936இல் வெளிவந்த வசந்தசேனா படத்தின் பொருட்டுப் புனேவுக்குச் சென்ற பயணத்தில்தான் டி.ஏ. மதுரத்தை அவர் சந்தித்தார். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மதுரம் அதற்கு முந்திய ஆண்டே இரத்னாவளி படத்தில் நடித்திருந்தவர், பாடத் தெரிந்தவர், எதிராளியின் வாக்கு முடியுமுன் விடை சொல்லும் துடுக்கு உடையவர். புனேயில் பணமில்லாமல் படக்குழு தவித்தபோது அனைவருக்கும் உணவுக்கு வழி செய்ய மதுரத்திடமே கிருஷ்ணன் உதவி கேட்டதாகவும், அவர் தயங்காது கொடுத்ததாகவும் சொல்வர். புனேயிலேயே திருமணம் நடந்தது. கிருஷ்ணன் ஊரில் முன்பே மணமானவர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கலைவாணரைப் பற்றிய புகழுரைகள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். மேடையில் பெண்ணின் பக்கம் நின்று பேசியவர் தம் வீட்டில் இரு பெண்களுக்குச் செய்தது என்ன என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை, அவரிடமே கேள்வி கேட்கப் பழகிய மக்களுக்கு உண்டு.

கிருஷ்ணன்-மதுரம் இணை தமிழ்த் திரைக்குப் புதியதொரு அமைப்பைத் தந்தது. இவர்கள் நடிக்கும் பகுதியைக் கிருஷ்ணனே எழுதி, புளிமூட்டை ராமசாமி, கொட்டாப்புளி ஜெயராமன் போன்ற தம் குழுவினரோடு தாமே அமைத்துக் கொடுப்பார். படத்தின் பெரிய கதைக்கு நடுவே அது தனியொரு சிறுகதையாக ஓடும். அம்பிகாபதி, திருநீலகண்டர், சகுந்தலை, அசோக்குமார், கண்ணகி, சிவகவி, மங்கம்மா சபதம் என அந்தப் பத்தாண்டில் பெயர்பெற்ற படங்களின் பட்டியலை எடுத்தால், கதாநாயகர் பாகவதராக இருக்கலாம், சின்னப்பாவாக இருக்கலாம். நகைச்சுவை பெரும்பாலும் இவர்களுடையதுதான். படத்தை வாங்க வருவோர் முதலில் கிருஷ்ணனும் மதுரமும் உண்டா என்றே கேட்டார்கள். 1940இல் வந்த சகுந்தலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் இசைக்காகத் திரையரங்குக்கு வந்தவர்கள், கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து போடும் சண்டையைப் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

அந்த இணையின் வேலைப்பாட்டைச் சற்று உற்றுநோக்கினால் வில்லடி மேடை தெரியும். ஒருவர் ஒன்றைச் சொல்வார். மற்றவர் அதை அப்படியே ஏற்காமல் மடக்குவார். கிருஷ்ணன் பெரும்பாலும் பெரிய பேச்சுக்காரராக வருவார். விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாக ஒரு பாட்டில் அவர் கிளம்ப, மதுரம் அந்த விஞ்ஞானம் அடுப்பங்கரைக்கு என்ன செய்யும் என்று கேட்பார். வெற்றி பெரும்பாலும் மதுரத்துக்கே. ஆண் நடிகர் தம்மைத் தோற்கடிக்கும் வசனங்களைத் தாமே எழுதி மனைவியின் வாயில் வைத்தது அந்நாளில் எளிய செயலன்று. பிறரைக் கேலி செய்யுமுன் தம்மைக் கேலி செய்துகொள்பவரிடம் மக்கள் கோபம் கொள்வதில்லை என்ற நுட்பத்தை அவர் அறிந்திருந்தார். அதனால்தான் பூசாரியையும் வட்டிக்காரரையும் போலிச் சாமியாரையும் சாதிச் செருக்கையும் அவர் சாடியபோது, சாடப்பட்டவர்களும் அதே கொட்டகையில் அமர்ந்து சிரித்தார்கள். உடல் ஊனத்தையோ பிறப்பையோ கேலிப்பொருளாக்குவது அவருடைய வழியாக இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பலர் இந்த எல்லையைக் கடந்து எளிதாகக் கைதட்டல் வாங்கினார்கள் என்பது வேறு செய்தி.

பம்மல் சம்பந்த முதலியாரின் சந்திரஹரி 1941இல் படமானது. பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ஒருவனைப் படைத்த அங்கத நாடகம் அது. நாடெங்கும் விடிய விடிய நடிக்கப்பட்ட அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறைக்கு அந்தத் தலைகீழ்க் கதையைக் கிருஷ்ணன் நடித்துக் காட்டினார்.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் கதாநாயகர். கிருஷ்ணனும் மதுரமும் வழக்கம்போல் உடன் இருந்தார்கள். சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் வந்தபோது திரையில் பாடிய பாகவதரும் திரையில் சிரிக்க வைத்த கிருஷ்ணனும் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்கள்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி எழுதப்படாதது குறைவு. நடிகர்களின் சொந்த வாழ்க்கையைக் குறித்து அவதூறு எழுதிய சினிமா தூது என்னும் பத்திரிகையை நடத்தியவர் சி.என். லட்சுமிகாந்தன். பாகவதர், கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, அப்பத்திரிகையின் உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் இந்து நேசன் என்ற பெயரில் அதே வகை எழுத்து தொடர்ந்தது. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பரில் மூவரும் கைது செய்யப்பட்டனர். நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரர்களைக் கொண்டு நடந்த வழக்கில், 1945 மே மாதம், ஆறு பேர் குற்றவாளி என்றும் மூவர் குற்றமற்றவர் என்றும் கூறினர். ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் பலிக்கவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறுபடி உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் ஆகியோர் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர். வழக்கறிஞர் வி.எல். எத்திராஜின் வாதம் அந்த விடுதலைக்குப் பெரிதும் துணைநின்றது.

ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுச் சிறைவாசம். அந்தக் காலத்தை வெறும் இழப்பாகவே கணக்கிடுவது பழக்கமாகிவிட்டது. அவர் உள்ளே இருந்தபோது வெளியே நடந்தவற்றையும் பார்த்தால் கணக்கு வேறாகும். கைதாவதற்கு முன் ஒரு நாடகக் குழுவை வாங்கித் தம் பெயரில் அவர் நடத்தி வந்தார். பின்னாளில் சிவாஜி கணேசன் எனப் புகழடைந்த இளைஞரும் அக்குழுவில் இருந்தார். தலைவர் சிறைக்குச் சென்றதும் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியை மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நடத்தினார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட வேண்டும். குழுவில் இருந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். கணவர் திரும்பி வருவாரா என்ற கேள்விக்கு விடை தெரியாத நிலையில் இரவுதோறும் முகம்பூசி மேடையேற வேண்டும். இந்தப் பணியை மதுரம் செய்தார். அவர்கள் நடத்திய பைத்தியக்காரன் நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகத் தொடங்கியது. படம் முடியுமுன் விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்காகக் காட்சிகள் சேர்க்கப்பட்டு 1947இல் அது வெளிவந்தது.

மற்றொரு பகுதி கே.ஆர். ராமசாமியோடு சென்றது. சிறையில் இருந்த தம் மூத்தவரின் பெயரையே சூட்டிக் கிருஷ்ணன் நாடக சபா என்று அதை ராமசாமி நடத்தினார். அந்தச் சபாவுக்காகத்தான் அறிஞர் அண்ணா வேலைக்காரியையும் ஓர் இரவையும் எழுதிக் கொடுத்தார். தஞ்சை மேடையில் அந்நாடகங்கள் பெற்ற வெற்றி திரைக்கும் பரவி, தமிழ்ப் படத்தின் பேச்சையே மாற்றியது. பத்தாண்டுகள் தமிழ்த் திரையை ஆண்ட வசன நடை, சிறையில் இருந்த ஒருவரின் பெயர் தாங்கிய மேடையிலிருந்து புறப்பட்டது என்பதை நாடக வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

சிறையிலிருந்து ஒன்றாக வெளிவந்த இருவரின் பிற்காலம் ஒன்றாக அமையவில்லை. பாகவதர் நடித்த ராஜமுக்தி 1948இல் வந்து தோற்றது. அதன்பின் அவர் எழவே இல்லை. கிருஷ்ணனோ வந்த நாள் முதல் வேலையில் மூழ்கினார். இதற்குக் குரலையும் காலத்தையும் காரணமாகச் சொல்வதுண்டு. அவை பொய்யல்ல. ஆனால் பாகவதரை மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பொன்மேனியும் பட்டாடையுமாக நின்ற அந்த உருவத்தில் சிறையின் நிழல் விழுந்ததை அவர்களால் மறக்க இயலவில்லை. கிருஷ்ணன் தொடக்கம் முதலே பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். திண்ணைக்காரருக்குத் துன்பம் வந்தது; போயிற்று; அவர் மறுபடி வந்து அமர்ந்தார். இடம் காலியாகவே காத்திருந்தது. அந்த 1947ஆம் ஆண்டிலேயே சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார்.

1949இல் வந்த நல்ல தம்பி அவருடைய கலையின் உச்சம் எனலாம். அமெரிக்கப் படம் ஒன்றின் கதையைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி அண்ணா எழுதினார், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். ஜமீன் சொத்து திடீரென்று கைக்கு வந்த ஒரு பட்டிக்காட்டு மனிதன் அதை மக்களுக்கே கொடுக்க முற்படுகிறான். பானுமதி கதாநாயகி. நகைச்சுவை நடிகரே கதாநாயகர். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மறு ஆண்டில் வெளிவந்த அப்படம் மதுவின் கேட்டை முதன்மையாகப் பேசியது. அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் தனியே நின்று ஆராயத்தக்கது. நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகக் கேட்டுப் பழகிய சபையினர் முன், அதே பாகவதர் கோலத்தில், அதே ஏற்ற இறக்கத்தோடு, உடுமலை நாராயணகவியின் பாட்டுகளுடன் கலைவாணர் வேறொரு கதையைச் சொன்னார். நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கினான். கிந்தன் கல்விக்கு ஏங்கினான். நந்தனின் வழியில் நெருப்பு இருந்தது. கிந்தன் இரயிலேறிப் பட்டணம் போனான். இரயில் வண்டியில் இன்ன சாதி இன்ன பெட்டி என்பது இல்லை என்பதைக் கூட்டம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. கேலி செய்யப்பட்டது நந்தனாரின் பக்தி அன்று. பக்தி மட்டும் போதும் என்று அவரைப் போன்றோரை நிறுத்தி வைத்த ஊர். கிந்தனாருக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு.

காந்தியடிகளிடம் அவர் கொண்ட பற்று ஆழமானது. அடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். பெரியாரிடமும் அண்ணாவிடமும் ஈடுபாடு. பொதுவுடைமை இயக்கத்து ஜீவானந்தத்தோடு நெருங்கிய நட்பு. அவரும் நாஞ்சில் நாட்டவரே. 1951இல் திரைப்படக் குழுவினருடன் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். ஒன்றோடொன்று மோதும் இத்தனை இயக்கங்களிடமும் ஒரே மனிதர் அன்பு செலுத்தியதைக் கொள்கைத் தெளிவின்மை என்று குறைகூறியவர்கள் இருந்தார்கள். அவர் எந்தக் கட்சியின் முழுநேரத் தொண்டராகவும் இருக்கவில்லை. அவரவர் சொன்னதில் ஏழைக்கு நன்மையானதை எடுத்துப் பாட்டாக்கினார். அதற்கு மேல் கொள்கை விளக்கம் அவரிடம் எதிர்பார்க்க இயலாது.

மலையாள நாடகம் ஒன்றைத் தழுவி 1951இல் அவர் இயக்கிய மணமகள் பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக நிறுத்தியது. 1952இல் பணம் படத்தை இயக்கினார்; இரண்டுக்கும் எழுதியவர் மு. கருணாநிதி. பணம் படத்தில் அவருடைய குறும்புக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. தீனா, மூனா, கானா என்று பாடத் தொடங்குவார். மூன்றாண்டுக்கு முன் தோன்றிய கட்சியின் பெயர்ச்சுருக்கம் என்று அவையினர் ஆரவாரம் செய்வார்கள். தணிக்கையாளர் என்ன என்று கேட்டால் விடை பாட்டிலேயே இருக்கிறது: திருக்குறள் முன்னணிக் கழகம்!

பிற்காலப் படங்கள் அனைத்தும் இந்தத் தரத்தில் அமைந்தன என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் நகைச்சுவையைவிட உபதேசம் மிகுந்தது. ஆமாம் போடுபவரின் இடத்தை விட்டுப் புலவரின் இடத்தில் அவர் அமர்ந்துவிட்ட காட்சிகளில் சிரிப்பு தளர்ந்தது. ஆனாலும் 1955இல் முதல் தேதி, 1956இல் மதுரை வீரன், ராஜா ராணி என அவர் வந்த படங்களில் மறக்க முடியாத பகுதிகள் இருந்தன. ராஜா ராணியில் சிரிப்பையே பொருளாகக் கொண்டு ஒரு பாட்டு. ஏழையின் சிரிப்பு, செல்வரின் சிரிப்பு என்று வகைவகையாகச் சிரித்துக் காட்டும் அந்த மனிதரின் உடல் அப்போதே நலிந்திருந்தது. திரையில் அது தெரியவில்லை.

கையில் பணம் நிற்கவில்லை. கொடுத்துக் கெட்டவர் என்று அவரைப் பற்றி ஊர் பேசியது. வாசலில் நின்றவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாதவர்; ஏமாற்றுகிறார் என்று தெரிந்தே கொடுத்ததும் உண்டு என்பர். வரவுக்கு மேல் செலவு செய்து, சொந்தப் படத்தில் முதலீடு செய்து, கடனும் பட்டார். இதனை வள்ளன்மை என்று வாழ்த்துவது கேட்பவருக்கு எளிது. அந்த வள்ளன்மையின் விலையைப் பின்னர் செலுத்தியவர்கள் வீட்டார்.

1956 நவம்பர் முதல் நாள் நாகர்கோவில் அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வாழ்நாள் முழுதும் தமிழ் மேடையில் நின்றவருக்குப் பிறந்த ஊர் தமிழ் மாநிலத்துக்குள் வந்ததைப் பார்க்கக் கிடைத்தது ஏறத்தாழ பத்து மாதங்கள்தாம். 1957 தொடக்கத்தில் நடந்த பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணாவுக்காக அவர் பேசப் போனார். எதிர்த்து நின்றவர் ஊரில் நற்பெயர் பெற்ற மருத்துவர். மேடையேறிய கலைவாணர் அந்த மருத்துவரின் கைராசியையும் நல்ல குணத்தையுமே நெடுநேரம் புகழ்ந்ததாகவும், கூட்டிவந்தவர்கள் கலங்கத் தொடங்கியபின், இத்தகைய மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயாளிகளை யார் பார்ப்பது என்று கேட்டு, அண்ணாவை அனுப்பி வைக்குமாறு சொல்லி அமர்ந்ததாகவும் இன்றும் பேசப்படுகிறது. எதிராளி உட்பட எவரையும் புண்படுத்தாமல் வாக்குக் கேட்ட பேச்சு அது. அண்ணா வென்று முதன்முறையாகச் சட்டமன்றம் புகுந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறைய இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. அவர் நடித்துவைத்திருந்த ராஜா தேசிங்கு 1960இல் வெளிவந்து, இறந்தவரைப் பார்த்து மக்களைச் சிரிக்க வைத்தது.

சென்னை வாலாஜா சாலையில் இருந்த பாலர் அரங்கத்துக்குப் பின்னர் கலைவாணர் அரங்கம் என்று பெயரிடப்பட்டது. பழைய கட்டடம் போய்ப் புதிய கட்டடம் 2016இல் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 செப்டம்பரில் கோட்டையை விட்டு வந்து தமிழகச் சட்டமன்றம் கூடியது அந்த அரங்கத்தில்தான். தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 சனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, முதலமைச்சராக இருந்த அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. இருபது நாளில் அவரும் மறைந்தார். மேடையில் கணவரை மடக்கிக் கேள்வி கேட்ட மதுரம், கணவருக்குப் பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1974இல் காலமானார்.